ஒற்றைக்கண் உமைர்

தரமணிச் செவியகத்தில் கேட்பாளர்கள் மூன்று தரம். முதல் தரத்தினர் அரசவைகளையும் போர்க்களங்களையும் கேட்டார்கள். இரண்டாம் தரத்தினருக்குச் சந்தைகளும் வழக்குகளும். மூன்றாம் தரத்துக்கு மிச்சம் மீதி, அதாவது அடுக்களை, கொல்லைப்புறம், நோயாளி படுத்திருக்கும் அறை. மஹ்மூதா மூன்றாம் தரம். அவள் காதில் ஒரு கோளாறும் கிடையாது. வேலைக்குச் சேரும்போது நம்பக வாரியம் கொடுத்த படிவத்தில், "வாழ்நாளில் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. நன்றாக யோசித்துவிட்டு "ஆம்" என்று எழுதினாள். "இல்லை" என்று எழுதியவர்களெல்லாம் முதல் தரத்துக்குப் போய்விட்டார்கள்.

வாரியத்தையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது. அதன் கஷ்டம் அதற்கு. போன காலத்து ஒலியைக் கேட்கும் கருவி வந்து பதினைந்து வருடமாகிறது. ஆண்டு, இடம், நேரம் மூன்றையும் கொடுத்தால், செவியறையில் உட்கார்ந்திருப்பவர் காதில் அந்த ஒரு மணி நேரம் விழும். பக்தாதைக் கேட்க பக்தாதுக்குப் போகவேண்டும் என்பதில்லை. அன்றிலிருந்து பூமி விண்வெளியில் எவ்வளவோ தூரம் நகர்ந்துவிட்டதால், எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டாலும் ஏறக்குறைய ஒரே தொலைவுதானாம். தரமணியில் ஒரு கட்டடம் சும்மா கிடந்தது. அதனால் தரமணி.

கருவியில் இரண்டு சிக்கல்கள். அந்த ஒலி மனிதக் காதில் மட்டுமே விழுந்தது. ஒலிப்பதிவு செய்யப் போனால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. ஏன் என்று இயற்பியலாளர்கள் நான்கு கட்டுரை எழுதி நான்கு காரணம் சொன்னார்கள். இரண்டாவது சிக்கல், ஒரு மணி நேரத்தை ஒருவர் ஒருமுறைதான் கேட்கலாம். கேட்டு முடித்தால் தீர்ந்தது, பிழிந்த கரும்பு மாதிரி. இன்னொருவர் போய் உட்கார்ந்தால் ஒன்றுமே இருக்காது. ஆக, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலகத்தில் ஒரே ஒரு சாட்சி. அந்தச் சாட்சி யோக்கியமானவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பழைய அரபு அறிஞர்களிடம் விடை தயாராக இருந்தது. அவர்கள் எதையும் மொட்டையாக எழுதமாட்டார்கள். "இன்னார் சொல்ல இன்னார் கேட்டார், அவர் சொல்ல நான் கேட்டேன்" என்று பெயர்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டுதான் செய்திக்கே வருவார்கள். சங்கிலியில் உள்ளவர்களில் யார் மறதிக்காரர், யார் புளுகர், யார் நம்பத் தகுந்தவர் என்பதற்குத் தனியாகப் புத்தகங்கள் எழுதி வைத்திருந்தார்கள். செவியகம் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு படிவத்தையும் சேர்த்துவிட்டது.

மஹ்மூதாவுக்கு ஊர் காயல்பட்டினம். அங்கே பெண்கள் அரபிக் கல்லூரியில் படித்தவள். அரபியைக் கேட்டால் அவள் மனதுக்குள் தமிழாகவே ஓடும். அந்த வருடம் அவளை இப்னு தன்னூர் திட்டத்தில் போட்டார்கள்.

இப்னு தன்னூர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் டைக்ரிஸ் நதிக்கரையில் வாசித் நகரில் வாழ்ந்தவர். அப்பா ரொட்டி சுடுகிறவர். 'அடுப்பின் மகன்' என்று எதிரிகள் கேலி செய்ய, அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். கவிதை, இசை இரண்டிலும் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருபத்தொரு தொகுதிகளில் 'விரல்களின் நூல்' என்று எழுதினார். ஒவ்வொரு பாட்டையும் இயற்றியது யார், மெட்டமைத்தது யார், ஊத் என்ற அரபு வீணையின் எந்தத் தந்தியில் எந்த விரலை வைக்க வேண்டும், இதையெல்லாம் தனக்குச் சொன்னது யார் என்று ஒன்று விடாமல் அதில் இருந்தது. முன்னுரையில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: சங்கிலியில் ஒரே ஒரு பெயரை இட்டுக்கட்டியவனானாலும், அவன் கொண்டுவந்த அத்தனையோடும் சேர்த்து அவனை ஆற்றில் எறியுங்கள்.

அந்த நூலில் நூற்றுப் பன்னிரண்டு பாடல்கள் ஒரே ஒருவர் சொன்னவை. உமைர் இப்னு ஸஹ்ல், எண்ணெய் வியாபாரி, ஒற்றைக்கண்ணர். "நம்பகமானவர். ஒரு விரலைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை" என்று இப்னு தன்னூர் சான்று கொடுத்திருந்தார்.

திட்டத்தின் தலைவர் பேராசிரியர் அப்துல் முனாஃப், வாணியம்பாடிக்காரர். முப்பது வருடமாக விரல்களின் நூலைப் பதிப்பித்துத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். முதல் தரக் கேட்பாளர். படிவத்தில் "இல்லை" என்று எழுதியவர்களில் அது உண்மையாக இருந்தது அவர் ஒருவருக்குத்தான். மனைவியின் சமையலைப் பற்றிக்கூட உள்ளதை உள்ளபடி சொல்லி, அதன் பலனையும் அனுபவித்தவர். வாசித் கவர்னர் மாளிகைக் கச்சேரிகளை அவர் எடுத்துக்கொண்டு, இப்னு தன்னூர் வீட்டு அடுக்களையை மஹ்மூதாவிடம் கொடுத்தார்.

"அங்க ஒண்ணும் இருக்காதும்மா. இருந்தாலும் இடைவெளி விடக்கூடாது, பாருங்க."

முதல் இரண்டு மணி நேரங்களில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. ரொட்டி தட்டும் ஓசை, ஒரு நாய், கிணற்று வாளி. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மஹ்மூதா மூன்றாவதற்கு உட்கார்ந்தாள். மாவு தட்டிக்கொண்டிருந்த பெண் மெதுவாகப் பாடினாள். குரல் உடைந்துபோன குரல்தான், ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை. வாசலுக்கு வந்து நிற்கும் மாப்பிள்ளையே, செருப்பைக் கழற்றாதே, என் அம்மா இன்னும் விழித்திருக்கிறாள் என்று ஒரு கல்யாணப் பாட்டு. பாட்டு முடிந்ததும் ஓர் ஆண்குரல் கேட்டது.

"மோதிர விரலா?"

"நடுவிரல். மோதிர விரல வெச்சா ஒப்பாரி ஆயிடும். இது கல்யாணப் பாட்டு."

பலகையில் விரல் தட்டும் சத்தம். பிறகு பேனாவின் கீறல். பிறகு அந்த ஆள் பெருமூச்சு விட்டார்.

"யார் சொன்னதுன்னு எழுதறது? ரீம்னு எழுதினா உன் எஜமான் பஸ்ராவிலேருந்து ஆள் அனுப்பிடுவான். ஓடிவந்த அடிமைய ஒளிச்சு வெச்சேன்னு என்னையும் சேத்துக் கட்டி இழுப்பான்."

"எழுதாதீங்க."

"பேரில்லாம எழுதினா ஒருத்தனும் ஏத்துக்கமாட்டான். பாட்டெல்லாம் போயிடும்."

மாவு தட்டும் ஓசை நின்றது.

"அப்ப ஒரு ஆளைப் பண்ணிக்குங்க. இதோ எண்ணெய்ச் சாடி இருக்கு. எண்ணெய்க்காரன்னு வைங்க. எண்ணெய்க்காரன் வீட்டுக்கு வந்தா ஏன் வந்தான்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"பேரு?"

"உமைர். ஒரு கண்ணு இல்லைன்னும் போடுங்க. ஒரு குறை இருந்தாத்தான் ஆளு நிஜமாத் தெரிவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவர், "நம்பகமானவன்னு எழுதலாமா?" என்று கேட்டார்.

"பின்ன? நான் என்னிக்காவது விரல மாத்திச் சொல்லியிருக்கேனா?"

மஹ்மூதா செவியறையை விட்டு வெளியே வந்தாள். இவ்வளவு பெரிய சந்தோஷம் இந்த வேலையில் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போய், கேட்டதை வரி விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமைர்னு ஒருத்தர் இல்லவே இல்லைங்கறீங்க."

"இல்ல சார்."

"செக்குக்காரத் தெருவுல கடை வெச்சிருந்தாரும்மா. நிரூபிச்சிருக்கேன்."

'உமைர் இப்னு ஸஹ்ல்: வாழ்வும் நம்பகமும்' என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். உமைர் பிறந்த வருடத்தைக்கூட முன்பின் ஐந்து ஆண்டுகளுக்குள் கணித்திருந்தார். அதை வைத்து மேலும் ஆறு பேர் முனைவர் ஆகியிருந்தார்கள்.

"எந்தக் கண்ணுன்னு பேசிக்கிட்டாங்களா?"

"அத அவங்க முடிவு பண்ணல சார்."

"இடது கண்ணு," என்றார் பேராசிரியர். "எழுபத்திரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்." பிறகு ஜன்னல் வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

மறுநாள் மஹ்மூதா இயக்குநரைப் பார்க்கப் போனாள். இயக்குநர் மங்கையர்க்கரசி முன்பு இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தவர், இப்போது விதிமுறைகளைப் பார்த்துக்கொள்கிறார். கெட்டவர் இல்லை. அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது செல்லாதும்மா. மூணாம் தரம் இருந்ததச் சொல்லலாம், இல்லாததச் சொல்லக் கூடாது. நாய் குரைச்சுதுன்னு எழுதுங்க, ஏத்துக்கறோம். குரைக்கலைன்னு எழுத உங்களுக்கு அதிகாரம் இல்ல."

"மேடம், நான் இருந்ததத்தான் சொல்றேன். ரீம்னு ஒருத்தி இருந்தா."

"அவ இருந்தா உமைர் இல்லன்னு ஆகுதே. புத்தகத்துல ஏற்கெனவே ஏறினத மாத்தணும்னா முதல் தரம் கேட்டிருக்கணும். முனாஃப் சார் கேட்டிருந்தா ஒரே வரி. 'உமைர் இல்லை, ரீம்'னு சங்கிலில ஒரு கண்ணிய மாத்திட்டுப் போயிடலாம். பயந்துபோன ஒரு பொண்ணக் காப்பாத்தச் சொன்ன பேருன்னு வாரியமும் மன்னிச்சுடும்."

"நான் சொன்னதாவே அனுப்பினா?"

"உமைர் மேல சந்தேகம் மட்டும் நிக்கும். ரீம் நிக்கமாட்டா. சந்தேகம் வந்தா இப்னு தன்னூரே சொல்லியிருக்காரே முன்னுரையில, எல்லாத்தையும் ஆத்துல போடுன்னு. நூத்திப் பன்னிரண்டு பாட்டும் பட்டியல்லேருந்து போயிடும். வேணும்னா அனுப்பறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மஹ்மூதா யோசித்தாள். அறிக்கை போனால் ரீமின் பாட்டுகள் போய்விடும். போகாவிட்டால் ரீம் போய்விடுவாள். அந்த மணி நேரம் இப்போது உலகத்தில் அவள் காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது, திரும்பப் போய்க் கேட்கவும் வழியில்லை. ஆத்திரமாக வந்தது. படிவத்தில் ஒரு "இல்லை" எழுதியிருந்தால் இந்தப் பாடு இல்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பெண் ஆயிரத்து நூறு வருடம் ஒற்றைக்கண் எண்ணெய்க்காரனாக வாழ்ந்திருக்கிறாள், அது தெரிந்தும் சொல்ல முடியவில்லையே என்ற நினைப்பு விடவே இல்லை.

நான்காம் நாள் காலை முனாஃப் அவள் இருக்கைக்கே வந்தார். வழக்கமாக அவர் வரமாட்டார், கூப்பிட்டு அனுப்புவார்.

"அன்னிக்குப் பத்து மணிக்கு நானும் செவியறைலதான் இருந்தேன், பக்கத்து அறைல. பதிவேட்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கு. அறை எண்ண மாத்திப் போட்டுட்டாங்கன்னு ஒரு கடிதம் குடுத்தா முடிஞ்சுது. உங்க அறிக்கை இன்னும் வாரியத்துக்குப் போகல, மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். நான் கேட்டேன்னு கையெழுத்துப் போடறேன்."

மஹ்மூதா எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், உங்க ஆராய்ச்சி?"

"அது செத்துப்போச்சும்மா. திங்கக்கிழமை பதினொரு மணிக்கு."

"நீங்க பொய்யே சொன்னதில்லையே சார்."

"அதனாலதான் எடுபடும்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகம் ஜுரம் வந்து எழுந்தவர் மாதிரி இருந்தது.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். உங்க பேரு எங்கயும் வராது. இன்னிக்கும் வராது, நாளைக்கும் வராது. யாராவது கேட்டா நீங்களும் இல்லைன்னுதான் சொல்லணும்."

மஹ்மூதாவுக்கு இது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். 'காயல்பட்டினம் மஹ்மூதா கேட்டுச் சொன்னது' என்று ஓர் அடிக்குறிப்பை இந்த நான்கு நாளில் அவள் மனதுக்குள் அச்சடித்து, எழுத்தின் அளவைக்கூட முடிவு செய்து வைத்திருந்தாள். ரீமுக்குப் பெயர் கிடைக்க வேண்டும் என்பதில் தனக்கும் கொஞ்சம் கிடைக்க வேண்டும் என்பதும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுக்க அவளுக்குச் சில நிமிடங்கள் பிடித்தன.

"சரி சார். எழுதிக்குங்க."

"எழுதக் கூடாதும்மா. மனசுல ஏத்திக்கணும். வாரியத்துல குறுக்குக் கேள்வி கேப்பாங்க."

இரண்டு மணி நேரம் அவள் சொன்னாள், அவர் திருப்பிச் சொன்னார். மாவு தட்டிய இடைவெளி, எண்ணெய்ச் சாடி, சிரிப்பு எத்தனை நேரம் என்பதெல்லாம் வந்தது. கல்யாணப் பாட்டுக்கு வந்தபோது அவர், "ரெண்டாம் தந்தி, மோதிர விரல்," என்றார்.

"நடுவிரல் சார்."

முனாஃப் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்த அடுக்களையில் நடந்ததே இங்கேயும் நடக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நடுவிரல்," என்று திருத்திச் சொன்னார்.

வாரியம் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. விரல்களின் நூலின் புதிய பதிப்பில், நூற்றுப் பன்னிரண்டு பாடல்களின் தலையிலும் உமைர் போய் ரீம் வந்தாள். 'அப்துல் முனாஃப் கேட்டறிந்தது' என்ற குறிப்பும் வந்தது. தன் வாழ்நாள் ஆய்வைத் தானே பொய்யென்று நிரூபித்த மனிதரை எல்லா ஊர்களிலும் கொண்டாடினார்கள். கெய்ரோவில் ஒரு கூட்டம், லக்னோவில் ஒரு கூட்டம், உண்மைக்காக ஒரு விருது. மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். வீட்டில் இப்போதெல்லாம் மனைவியின் சமையலைப் புகழ ஆரம்பித்துவிட்டார், ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை என்று அந்த அம்மா யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டாராம்.

மஹ்மூதாவின் பட்டியலில் அடுக்களை மணி நேரம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முந்தையதற்குப் பதினோரு வருடம் கழித்து, இப்னு தன்னூர் இறப்பதற்குச் சற்று முன்னால் வரும் ஒரு காலைப்பொழுது. உட்கார்ந்தாள். அதே ரொட்டி தட்டும் ஓசை, கை மட்டும் வேகம் குறைந்திருந்தது. இப்னு தன்னூர் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்து, முடித்த நூலின் நல்ல பிரதியிலிருந்து படித்துக்காட்டினார். உமைர் எனக்குச் சொன்னார், உமைர் எனக்குச் சொன்னார் என்று ஒவ்வொரு பாட்டின் தலைப்பும் வந்துகொண்டே இருந்தது. ரீம் நடுவில் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவர் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கார் உமைர்."

அவர் சிரிக்கவில்லை. "என் காலத்துக்கப்புறம் உன் எஜமானும் இருக்கமாட்டான். ரீம்னு மாத்தி எழுதி ஒரு தாள் வெச்சுட்டுப் போகட்டுமா?"

"ரீம்ங்கறது என்னை வாங்கினவன் வெச்ச பேரு. நாய்க்கும் குதிரைக்கும் வைக்கற மாதிரி வெச்சான். அதுக்கு உமைரே தேவலை."

"உன் பேரு என்ன அப்ப?"

இத்தனை வருடம் அவர் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ரொட்டி தட்டும் ஓசை நின்றது. பிறகு அவள் தன் பெயரைச் சொன்னாள், அம்மா வைத்த பெயர். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னார், அவள் திருத்தினாள், சரியாகச் சொன்னார்.

"எழுதட்டுமா?"

"வேண்டாம். ஒருத்தர் கேட்டா போதும்."

மறுபடியும் ரொட்டி தட்டும் ஓசை தொடங்கி, மணி நேரம் முடியும்வரை அது மட்டுமே இருந்தது. மஹ்மூதா அழுதாள். செவியறையில் அழக்கூடாது என்று விதி இருந்தது, மூக்கை உறிஞ்சினால் ஒலி தவறிப்போகும் என்பதற்காக. அவளுக்குத் தவறவிட ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ரீம் என்ற பெயரைப் புத்தகத்தில் ஏற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமா? விலைக்கு வாங்கியவன் வைத்த பெயரை நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். சரியான பெயர் இப்போது காதில் இருக்கிறது. முனாஃபிடம் சொன்னால் போதும், அவர் இன்னொரு கையெழுத்துப் போடுவார், மாட்டேன் என்று சொல்லமாட்டார். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: "ரொட்டி தட்டும் ஓசை. ஆண் ஒருவரின் இருமல். ஏற்கெனவே உள்ள பாடல் தலைப்புகளை வாசித்தல். வேறொன்றும் இல்லை."

தாழ்வாரத்தில் முனாஃப் எதிரே வந்தார். கையில் பெட்டி, எங்கேயோ பாராட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கடைசி மணி நேரம் இன்னிக்குத்தானே? ஏதாவது இருந்துதாம்மா?"

"ரொட்டிதான் சார்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். உடனே நம்பிவிட்டார்.

சாயங்காலம் நாலே காலுக்கு மஹ்மூதா வாசல் கதவைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். நிறுத்தத்தில் அப்போது யாரும் இல்லை. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சாலையில் ஒரு தண்ணீர் லாரி போய்ச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அந்தப் பெயரை வாய்விட்டு, நிறுத்தி, தெளிவாக ஒருமுறை சொன்னாள், என்றைக்காவது இந்த மணி நேரத்தைக் கேட்க வருகிறவர் ஒருவர்தான் என்பதால்.